மலைநாட்டுக் கொந்தராத்துக் கணக்கு

மாலை நேரத்தில் கொழுந்து மடுவத்தில் தராசு தொங்குவதை மலைநாட்டு நேயர்கள் எல்லோரும் அறிவார்கள். வரிசையில் நிற்கும் இரண்டு பெண்களில் ஒருத்தியின் கொழுந்து 22 கிலோ நிற்கிறது. அடுத்தவளுடையது 15 கிலோ நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கொழுந்து எடுப்பதில் வல்லவள் யார்? கணக்கப்பிள்ளையின் புத்தகம் 22 கிலோக்காரியின் பெயரையே சொல்லும். ஆனால் மலையில் நாற்பது ஆண்டு நின்று பழகிய ஒரு பாட்டியைக் கேட்டால், அவள் அவ்வளவு விரைவில் விடை சொல்லமாட்டாள். முதலாமவளுக்குக் கிடைத்தது எந்த மலை? கவ்வாத்துக்குப் பின் நன்றாகத் துளிர்த்த மலையா, காய்ந்துபோன மலையா? நல்ல நிரையை அவளாகவே பிடித்தாளா, கங்காணி அவளுக்கென்று ஒதுக்கிக் கொடுத்தாரா? கொழுந்தோடு முற்றிய இலையும் சேர்ந்திருக்கிறதா? இவற்றையெல்லாம் விசாரித்த பிறகே அந்தப் பாட்டி தன் தீர்ப்பைச் சொல்வாள்.

நாடு விட்டு நாடு சென்று அணையும் ரயில் பாதையும் சுரங்கமும் கட்டித்தரும் பெரிய கம்பெனிகளின் போட்டித் திறனை அளப்பதும் இத்தகைய வேலையே. எந்தக் கம்பெனி வலியது, எந்தத் தேசத்தின் கட்டுமானத் தொழில் முன்னே நிற்கிறது என்று சொல்ல இன்று உலகெங்கும் புள்ளிவிவர அட்டவணைகள் இருக்கின்றன. அவற்றில் வரிசை எண்ணும் இருக்கிறது, தொகையும் இருக்கிறது. ஆயினும் அந்தப் பாட்டி கேட்ட கேள்விகளை அட்டவணையிடமும் கேட்கவேண்டும். அப்படிக் கேட்டுப் பார்ப்பதற்கு நம் மலைநாட்டைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. கடல் கடந்து வந்த கொந்தராத்துக்காரர்கள் நூற்றறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இம்மலைகளைக் குடைந்தும் நதிகளை மறித்தும் வந்திருக்கிறார்கள். அவர்கள் விட்டுச்சென்ற வேலைகளில் மூன்றை எடுத்துக்கொண்டு, எண்கள் எப்போது உண்மை பேசுகின்றன, எப்போது பேசாமல் விடுகின்றன என்பதைக் காண்போம்.

முதலாவது, ரயில் பாதை. இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் செழித்திருந்த காலம் அது. மலைநாட்டில் விளைந்த கோப்பி மாட்டு வண்டிகளில் ஏறிப் பல நாட்கள் பயணம் செய்து கொழும்புத் துறைமுகத்தைச் சேர்ந்தது. ரயில் வேண்டும் என்று தோட்டத் துரைமார்கள் குரல் எழுப்பினார்கள். 1845-ஆம் ஆண்டில் இலங்கை ரயில்வேக் கம்பெனி என்ற ஒரு கம்பெனி தோன்றியது. பின்னர் கண்டிக்குப் போகத்தக்க வழிகளை ஆராயும்படி கப்டன் வில்லியம் ஸ்கார்த் மூர்சம் என்பவரை இங்கிலாந்திலிருந்து அனுப்பினார்கள். அவர் ஆறு வழிகளை ஆராய்ந்து, 1857-ஆம் ஆண்டு மே மாதத்தில் தம் அறிக்கையை வெளியிட்டார். மூன்றாவது வழியே சிறந்தது என்றும், அதற்கு 8,56,557 பவுண் செலவாகும் என்றும் அவர் கூறினார்.

நேயர்களே, அந்தத் தொகையைச் சற்று நின்று பாருங்கள். எட்டு லட்சத்து ஐம்பத்தாறாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தேழு பவுண். கடைசி ஏழு பவுணைக்கூட அவர் விட்டுவிடவில்லை. காடும் பாறையும் மழையும் காய்ச்சலும் நிறைந்த ஒரு மலைச்சரிவில், ஒருவரும் இன்னும் மண்வெட்டி வைக்காத ஓரிடத்தில், ஏழு பவுண் வரைக்கும் கணக்குச் சொல்ல முடிந்தது! 1858-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் திகதி ஆளுநர் சேர் ஹென்றி வார்டு முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடக்கிவைத்தார். ஆனால் அந்தத் தொகைக்குள் இந்த வேலையை முடிக்கவே முடியாது என்பதைப் பணியை மேற்கொண்ட டொயின் என்பவர் விரைவிலேயே கண்டுகொண்டார். 1861-இல் கம்பெனியுடன் செய்த ஒப்பந்தம் முறிந்தது. பங்குதாரர்களின் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அரசாங்கமே வேலையை ஏற்றது.

இங்கே நாம் கற்கும் முதற்பாடம், எண்ணின் நுட்பம் வேறு, எண்ணின் உண்மை வேறு என்பதாகும். ஒரு கணக்கு எவ்வளவு நுணுக்கமாகத் தோன்றினாலும், அது எந்த அறிவின்மேல் கட்டப்பட்டது என்று கேட்காமல் அதை நம்பக்கூடாது. இன்றைய அட்டவணைகளில் தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு மூன்று இலக்கங்கள் அணிவகுத்து நிற்கும்போதும் மூர்சமின் ஏழு பவுணை நினைத்துக்கொள்வது நல்லது.

அரசாங்கம் வேலையை ஏற்றபின் கேள்விப்பத்திரம் கோரப்பட்டது. 1862-ஆம் ஆண்டின் இறுதியில் வில்லியம் பிரெடெரிக் பேவியல் என்ற ஆங்கிலேயக் கொந்தராத்துக்காரரின் கேள்விப்பத்திரம் ஏற்கப்பட்டது. இவரை அந்நாளின் சர்வதேசக் கட்டுமானக்காரர் என்று தயங்காமல் சொல்லலாம். இந்தியாவின் முதற் பயணிகள் ரயில் 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் திகதி பம்பாயிலிருந்து தாணாவுக்கு ஓடியதல்லவா? அந்தப் பாதையை அமைத்த கொந்தராத்தில் பேவியலுக்குப் பங்குண்டு. அந்தப் பெயரோடு அவர் அடுத்தபடியாகப் பம்பாய்க்கும் பூனாவுக்கும் இடையிலுள்ள போர்க் கணவாயின் ஏற்றப் பாதையை எடுத்தார். மேற்குத் தொடர்ச்சி மலையில் 25 சுரங்கங்களோடு ஏறவேண்டிய பாதை அது. அங்கே அவருக்குத் தோல்வி காத்திருந்தது. கூலி ஒழுங்காகக் கைக்கு வரவில்லை என்று 1859-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தொழிலாளர் கலகம் செய்தனர். அவ்வாண்டிலேயே பேவியல் கொந்தராத்தைக் கைவிட்டார். அதை ஏற்றுக்கொண்டு வந்த சாலமன் டிரெட்வெல் இந்திய மண்ணில் கால் வைத்த சில நாட்களிலேயே நோயுற்று இறந்தார். அவருடைய மனைவி அலிஸ் டிரெட்வெல் அம்மையார் அந்தக் கொந்தராத்தைத் தம் பொறுப்பில் ஏற்று நடத்த, வேலை 1863-இல் நிறைவேறியது.

ஆக, இலங்கைக்கு விலை கூறியபோது பேவியலின் கணக்கேட்டில் ஒரு வெற்றியும் ஒரு தோல்வியும் இருந்தன. இன்றைய முறைப்படி மதிப்பெண் போடுகிறவர் அவரைத் தள்ளி வைத்திருப்பார். ஆனால் அதே பேவியல், கடுகண்ணாவையில் 45 அடிக்கு ஓரடி உயரும் செங்குத்தான ஏற்றத்தையும் தாண்டி, 1867-இல் ரயிலைக் கண்டிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அவர் பக்கத்தில் அரசாங்கத்தின் சார்பில் கில்போர்ட் மோல்ஸ்வொர்த் என்ற சிறந்த பொறியியலாளர் நின்றார். பொறியியலாளர் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் சூத்திரக் கையேடு ஒன்றை எழுதிப் புகழ்பெற்றவர் அவர். போர்க் கணவாயில் பட்ட அடியும் கடுகண்ணாவையில் பேவியலுக்குப் பாடமாகியிருக்கவேண்டும். இரண்டு மூன்று வேலைகளை மட்டும் வைத்து ஒரு கொந்தராத்துக்காரரின் திறனைச் சராசரி போட்டுச் சொல்வது எவ்வளவு அபாயமானது என்பதை இது காட்டுகிறது. புள்ளிவிவரம் கற்றவர்கள் இதை மாதிரியின் சிறுமை என்பார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாகலாம். உலை ஒன்றாக இருந்தால்தான் அந்தப் பழமொழி பலிக்கும். போர்க் கணவாய் ஓர் உலை. கடுகண்ணாவை வேறோர் உலை.

கண்டிக்கு ரயில் வந்த அதே 1867-ஆம் ஆண்டில்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலைப் பயிரைத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டது. கோப்பிக்காகத் தொடங்கிய பாதை தேயிலைக்காக மேலே ஏறியது. 1874-இல் நாவலப்பிட்டியையும், 1884-இல் ஹட்டனையும், 1885-இல் நானுஓயாவையும் ரயில் எட்டியது. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலைச் சுரங்கத்துள் வண்டி நுழையும்போது பெட்டிக்குள் திடீரென்று இருள் கவியும், குழந்தைகள் கூச்சலிடுவார்கள். அரைக் கிலோமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான அந்த இருளைக் கையுளியாலும் வெடிமருந்தாலும் குடைந்து எடுத்தவர்களைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

இரண்டாவது வேலைக்குப் போகுமுன், போட்டி என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கேள்விப்பத்திரம் என்பது ஒரு வகை மூடிய ஏலம். ஒவ்வொரு கம்பெனியும் தன் விலையை உறையிலிட்டு ஒட்டிக் கொடுக்கிறது. உறைகள் திறக்கப்பட்டவுடன் கம்பெனிகளின் திறனை அளக்க நமக்கு முதல் அளவுகோல் கிடைத்துவிடுகிறது. மிகக் குறைந்த விலைக்கும் அதற்கு அடுத்த விலைக்கும் உள்ள இடைவெளியே அது. உதாரணமாக, ஓர் அணைக்கு மூன்று கம்பெனிகள் 100, 104, 107 கோடி ரூபா என்று கேட்டால், மூவரும் வேலையை ஒத்த அறிவோடு கணித்திருக்கிறார்கள் என்றும், போட்டி நெருக்கமானது என்றும் கொள்ளலாம். 100, 135, 140 என்று கேட்டால்? முதலாமவர் ஒன்று மிகுந்த திறமைசாலியாக இருக்கவேண்டும். அல்லது பாறையின் குணத்தை அறியாமல் விலை சொன்னவராக இருக்கவேண்டும். இத்தகைய கேள்விப்பத்திர விலைகளைக் கணித முறையில் ஆராயும் வழியை லோரன்ஸ் பிரீட்மன் என்பவர் 1956-இல் வகுத்தார். 1971-இல் அமெரிக்க எண்ணெய்த் துறைப் பொறியியலாளர் மூவர் இன்னும் கூர்மையான ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார்கள். மதிப்புத் திட்டமாகத் தெரியாத ஒன்றைப் பலர் போட்டியிட்டுக் கேட்கும்போது, வெல்கிறவர் பெரும்பாலும் கணக்கில் அதிகமாகத் தவறியவராகவே இருப்பார் என்றார்கள். அதற்கு வென்றவரின் சாபம் என்று பெயர். எனவே, கேள்விப்பத்திரத்தில் வென்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு கம்பெனியைப் புகழக்கூடாது. வென்ற விலையிலேயே வேலையை முடித்ததா என்றும் பார்க்கவேண்டும்.

இத்தனையும் போட்டி நடந்தால்தான். போட்டியே நடக்காத இடத்தில் எதை அளப்பது? இந்தக் கேள்வியோடு கொத்மலைக்குப் போவோம்.

மகாவலித் திட்டத்தை 30 ஆண்டுகளில் முடிப்பதென்று முதலில் எண்ணியிருந்தார்கள். 1977-இல் பதவிக்கு வந்த அரசாங்கம் அதை ஆறு ஆண்டுகளுக்குள் சுருக்க முனைந்தது. அவ்வளவு விரைவில் அவ்வளவு பெரிய வேலைகளுக்கு நம்மிடம் பணம் இல்லை. நண்பர் நாடுகள் முன்வந்தன. விக்டோரியா அணைக்குப் பிரித்தானியாவும், ரந்தெனிகலைக்கு மேற்கு ஜேர்மனியும், மாதுறு ஓயாவுக்குக் கனடாவும், கொத்மலைக்குச் சுவீடனும் உதவின. விக்டோரியாவைக் கட்டியவர்கள் பிரித்தானியக் கொந்தராத்துக்காரர்கள். கொத்மலையைக் கட்டியது சுவீடனின் ஸ்கான்ஸ்கா. உதவி எங்கிருந்து வந்ததோ, கொந்தராத்துக்காரரும் அங்கிருந்தே வந்தார். கொத்மலைக் கொந்தராத்து, உலகத்துக் கம்பெனிகளெல்லாம் உறை கொடுத்துப் போட்டியிட்டு வென்ற கொந்தராத்தன்று; சுவீடன் நாட்டு உதவியோடு சேர்ந்து வந்த கொந்தராத்து.

ஸ்கான்ஸ்கா திறமையற்ற கம்பெனி என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். 1887-இல் மால்மோ நகரில் சிமெந்து வார்ப்பு வேலைக்காகத் தொடங்கிய அக்கம்பெனி, சுவீடனின் நீர்மின் அணைகளிலும் பாலங்களிலும் தேர்ந்த கை. 1979-இல் தொடங்கிய கொத்மலை வேலை 1985-இல் நிறைவுபெற்றது. 87 மீட்டர் உயரமும் 600 மீட்டர் நீளமும் கொண்ட அந்தப் பாறை அணைக்குக் கீழே, நிலத்தின் அடியில், 201 மெகாவாட் மின்சாரம் பிறக்கிறது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே செலவு முதல் மதிப்பீட்டைத் தாண்டிப் பெருகியது என்பதும் உண்மை. உதவி இல்லாவிட்டால் அந்த அணையே எழுந்திராது என்பதும் அதே அளவுக்கு உண்மை. இரண்டையும் ஒருங்கே நினைப்பதுதான் நியாயம்.

ஆனால் நாம் கேட்டது வேறு கேள்வி. அந்த ஆண்டுகளில் ஸ்கான்ஸ்காவின் வெளிநாட்டு வருமானத்தில் கொத்மலைப் பணமும் சேர்ந்தது. பிரித்தானியக் கொந்தராத்துக்காரரின் வெளிநாட்டு வருமானத்தில் விக்டோரியாப் பணமும் சேர்ந்தது. அந்தத் தொகையைக் கண்டு, இக்கம்பெனி உலகப் போட்டியில் இத்தனையாம் இடத்தில் நிற்கிறது என்று ஒருவர் சொன்னால், அவர் அளந்தது கம்பெனியின் திறனையா, அந்நாட்டு அரசாங்கத்தின் பணப்பெட்டியையா? நல்ல நிரையைக் கங்காணி ஒதுக்கிக் கொடுத்த பெண்ணின் 22 கிலோவைப் போன்றது அந்த எண். கொழுந்து உண்மைதான், உழைப்பும் உண்மைதான், ஆனால் அடுத்த நிரையில் நின்றவளோடு அவளை ஒப்பிட அந்த எண் உதவாது.

இனி, உலகில் வழங்கும் அளவுகோல்களில் பெயர்பெற்ற இரண்டைப் பார்ப்போம். அமெரிக்காவிலிருந்து வெளிவரும் ‘எஞ்சினியரிங் நியூஸ் ரெக்கோர்ட்’ என்ற பொறியியல் இதழ், சர்வதேசக் கொந்தராத்துக்காரர்களை ஆண்டுதோறும் வரிசைப்படுத்துகிறது. தாய்நாட்டுக்கு வெளியே ஈட்டிய வருமானமே அதன் அளவுகோல். முன்பு 225 கம்பெனிகள் இருந்த அந்தப் பட்டியலில் 2013 முதல் 250 கம்பெனிகள் இடம்பெறுகின்றன. 2020-களின் தொடக்கத்தில் அப்பட்டியலின் மொத்த வருமானத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சீனக் கம்பெனிகளின் கையில் இருந்தது.

பயனுள்ள பட்டியல்தான். ஆயினும் அதை வாசிக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். ஸ்பெயின் நாட்டின் ஏ.சி.எஸ். என்ற கம்பெனி பல ஆண்டுகள் முதலிடத்தில் நின்றது. ஆனால் 2011-இல் ஜேர்மனியின் பழம்பெரும் ஹொக்டீப் கம்பெனியை அது தன் ஆதிக்கத்துக்குள் கொண்டுவந்திருந்தது. ஹொக்டீபும் அதன் கிளைகளும் பல நாடுகளில் செய்யும் வேலை அதன்பின் ஸ்பெயினின் பெயரில் எழுதப்பட்டது. அணை கட்டிய கை மாறவில்லை. கணக்கேட்டின் தலைப்பு மாறிவிட்டது. இரண்டாவது எச்சரிக்கை, நாணயம் பற்றியது. 1985-ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஒரு டாலருக்கு 240 யென் அளவில் இருந்தது. 1987-இன் இறுதியில் அது 120 யென் அளவுக்கு வந்துவிட்டது. ஒரு ஜப்பானியக் கம்பெனி ஒரு கல்லைக்கூட அதிகமாக எடுத்து வைக்காமலே, யென்னில் ஈட்டிய வருமானம் டாலர் கணக்கில் இருமடங்காகத் தோன்றியிருக்கும். தராசைத் தட்டிவிட்டு, கொழுந்து கூடிவிட்டது என்று மகிழ்வது போலத்தான் இதுவும்.

இரண்டாவது அளவுகோலை ஹங்கேரியில் பிறந்த பொருளியலறிஞர் பேலா பலாசா 1965-இல் வகுத்தார். இதில் கம்பெனியை விடுத்துத் தேசத்தை அளக்கிறோம். ஒரு தேசத்தின் மொத்த ஏற்றுமதியில் ஒரு தொழிலுக்கு எத்தனை பங்கு என்று பார்க்கவேண்டும். பிறகு, உலகத்தின் மொத்த ஏற்றுமதியில் அதே தொழிலுக்கு எத்தனை பங்கு என்று பார்க்கவேண்டும். முதலதை இரண்டாவதால் வகுத்தால் வரும் விடை ஒன்றுக்கு மேலாயின், அத்தேசத்துக்கு அத்தொழிலில் இயல்பான மேன்மை உண்டு எனலாம். தேயிலையைக் கொண்டு நம் நாட்டை அளந்தால் விடை ஒன்றை எத்தனையோ மடங்கு தாண்டிவிடும். கட்டுமானத்துக்கும் இதே கணக்கைப் போடலாம். பெரிய தேசம், சிறிய தேசம் என்ற வேற்றுமையை இது ஓரளவு நீக்கிவிடுகிறது. ஆயினும் கொத்மலையில் எழுந்த கேள்விக்கு இதுவும் விடை தராது. உதவிப் பணத்தால் எழுந்த ஏற்றுமதியையும் போட்டியால் எழுந்த ஏற்றுமதியையும் இது பிரித்துக் காட்டுவதில்லை.

மூன்றாவது வேலை நம் கண் முன்னே நடந்தது. தலவாக்கலையில் எழுந்த மேல் கொத்மலைத் திட்டம் அது. 2002-இல் அதற்கான ஜப்பானியக் கடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. தொகை 3,300 கோடி யென்னுக்கு மேல். 2006-இல் தொடங்கிய வேலையில் முக்கியக் கட்டுமானத்தை ஜப்பானின் மயேதா கம்பெனி செய்தது. அணை 35.5 மீட்டர் உயரமே உடையது. வேலையின் பெரும்பகுதி தேயிலை மலைகளின் அடியில் ஏறக்குறைய 13 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் சுரங்கத்தில் இருந்தது. அச்சுரங்கத்தின் வழியே நீர் நியங்கந்தொரவில் உள்ள நிலத்தடி மின்னிலையத்தை அடைகிறது. 2012 முதல் அங்கே 150 மெகாவாட் மின்சாரம் உற்பத்தியாகிறது.

அந்தத் திட்டத்தின்போது மலைநாட்டில் எழுந்த வாதங்களை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சென்கிளேயர் அருவி வற்றிப்போகுமோ என்ற கவலை இருந்தது. மலைச்சரிவுகள் தாங்குமோ என்ற அச்சம் இருந்தது. மலையகக் கட்சிகளும் சுற்றாடல் ஆர்வலர்களும் எதிர்த்துக் குரல் எழுப்பினார்கள். ஏறத்தாழ 500 குடும்பங்கள் இருந்த இடம் விட்டுப் புதிய வீடுகளுக்குச் செல்ல நேர்ந்தது. அருவிக்குப் பகற்பொழுதில் குறித்த அளவு நீர் விடவேண்டும் என்பது நிபந்தனையாயிற்று. கம்பெனியின் வருமானக் கணக்கில் இந்த நிபந்தனைக்கு இடமில்லை. ஆனால் தலவாக்கலை வழியே போகும் ஒவ்வொருவரும் ரயில் சன்னலால் தலையை நீட்டிப் பார்க்கும் கணக்கு அதுதான்.

அணைகளின் செலவைப் பற்றி உலக அளவில் நடந்த ஓர் ஆராய்ச்சியையும் இங்கே சொல்லவேண்டும். 1934 முதல் 2007 வரை 65 நாடுகளில் கட்டப்பட்ட 245 பெரிய அணைகளை ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறிஞர்கள் ஆராய்ந்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். விலைவாசி ஏற்றத்தை நீக்கிப் பார்த்தாலும், உண்மையான செலவு மதிப்பீட்டைவிடச் சராசரியாக 96 விழுக்காடு கூடியிருந்தது. ஆனால் அணைகளைச் செலவு மிகுந்த விகிதப்படி வரிசையாக நிறுத்தி, நடுவில் நிற்கும் அணையைப் பார்த்தால், அங்கே மிகுதி 27 விழுக்காடே. சராசரிக்கும் நடு எண்ணுக்கும் ஏன் இவ்வளவு தூரம்? சில அணைகளில் செலவு கட்டுக்கடங்காமல் பல மடங்காகப் பெருகிச் சராசரியை மேலே இழுத்துவிட்டது. ஆகவே ஒரு கம்பெனியின் பழைய வேலைகளை ஆராய்கிறவர் சராசரியை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பக்கூடாது. நடு எண் என்ன, மிக மோசமான வேலை எது, அது ஏன் கெட்டது என்றும் கேட்கவேண்டும். ஒரு சிறிய நாட்டைக் கடனில் ஆழ்த்திவிட அப்படிப்பட்ட ஒரே ஓர் அணை போதும்.

இது ஏட்டுக் கவலையன்று. 2022-ஆம் ஆண்டில் சில மாதங்களுக்குள் ஒரு டாலரின் விலை 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியதை நாம் கண்டோம். அவ்வாண்டு ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்திவைக்க நேர்ந்தது. பிற நாட்டு நாணயத்தில் வாங்கிய கடனால் கட்டிய எந்த வேலைக்கும், அதைக் கட்டிய கம்பெனியைத் தேர்ந்தபோது செய்த கணக்கின் நன்மை தீமைகள், கடைசியில் அரிசி விலையிலும் மருந்துக் கடையிலும் வந்து நிற்கின்றன. இன்ன கம்பெனி உலகப் பட்டியலில் இத்தனையாவது இடம் என்பது நமக்குப் போதுமான விடையன்று. எத்தனை பேர் போட்டியிட்டார்கள்? விலைகளுக்கிடையே இடைவெளி எவ்வளவு? ஒத்த நிலத்தில் அவர்கள் முன்பு செய்த வேலை குறித்த விலைக்கும் குறித்த காலத்துக்கும் முடிந்ததா? கடனைத் தருகிறவரே கொந்தராத்துக்காரரையும் குறித்துவிட்டாரா? இவற்றுக்கு விடை தெரிந்தால்தான் எண் பேசத் தொடங்கும்.

இனி, சிங்கமலைச் சுரங்கத்தில் நாம் விட்டுவந்த பேச்சுக்குத் திரும்புவோம். இதுவரை சொன்ன அளவுகோல்கள் எதிலும் ஒரு பத்தி கிடையாது. உழைத்தவரும் இடம் பெயர்ந்தவரும் கொடுத்த விலைக்கான பத்தி அது. போர்க் கணவாயில் பேவியலைத் தோற்கடித்தவற்றில் கூலி நிலுவைக்கும் பங்கு இருந்தது. அதாவது, தொழிலாளரின் கூலியை ஒழுங்காகக் கொடுப்பதும் போட்டித் திறனின் ஓர் அங்கமே என்பதைச் சரித்திரம் அன்றே காட்டிவிட்டது. கண்டிப் பாதையிலும் அதன்பின் மலை ஏறிய பாதையிலும் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் கல்லுடைத்தார்கள், மண் சுமந்தார்கள், காய்ச்சலில் வீழ்ந்தார்கள். பவுணுக்குப் பவுண் எழுதிய கணக்கேடுகளில் அவர்களின் பெயர்களுக்கு வரி ஒதுக்கப்படவில்லை.

நீர்மின் திட்டங்களின் கதையும் இதனோடு சேர்ந்ததே. டி. ஜே. விமலசுரேந்திர 1918-இல் எடுத்துரைத்த லக்ஷபான திட்டம் 1924-இல் தொடங்கி, பணமின்றி இடையில் நின்று, 1950-இல்தான் 25 மெகாவாட் மின்சாரம் தந்தது. அந்த மின்சாரம் கொழும்பின் வீதிகளுக்கு ஒளி தந்தபோது, அது பிறந்த மலைகளின் லயங்கள் பலவற்றில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. பிறகும் பல ஆண்டுகள் அதுவே எரிந்தது. 1969-இல் மவுஸ்ஸாகலை அணை எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போயிற்று. கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது அங்கே பழைய கோயில்களின் எச்சங்கள் தலை காட்டுகின்றன. மக்கள் திரண்டு சென்று பார்க்கிறார்கள். கொத்மலையில் ஏறக்குறைய 3,000 குடும்பங்கள் தங்கள் வயலையும் வீட்டையும் நீருக்குக் கொடுத்துவிட்டு வேறிடம் சென்றன. கம்பெனி கொடுத்த விலை மலிவு என்று சொல்லும்போது, இவர்கள் கொடுத்த விலை அதில் சேர்ந்ததா என்று ஒருவரேனும் கேட்கவேண்டாமா?

எண்ணாமல் விடப்பட்டவர்களுக்கு என்ன நேரும் என்பதை நம் மலைநாட்டு மக்கள் 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அனுபவித்து அறிந்தவர்கள். கணக்கில் வராதவருக்கு வாக்கும் இல்லை, வழக்கும் இல்லை. ஆதலால் எந்தப் புள்ளிவிவரத்தைக் கண்டாலும், இதில் யார் சேர்க்கப்படவில்லை என்று கேட்கும் உரிமை மற்றெவரையும்விட இம்மக்களுக்கு அதிகம் உண்டு.

நேயர்களே, புள்ளிவிவரத்தைப் பழிப்பது இந்தப் பேச்சின் நோக்கமன்று. தராசு இல்லாத மடுவத்தில் கங்காணியின் கண்ணே தராசாகிவிடும். அது இன்னும் கேடு. நமக்குத் தராசு வேண்டும். அது நேரான தராசாக இருக்கவேண்டும். எந்த மலை, எந்த நிரை என்ற குறிப்பும் எடையின் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும். இந்நாட்டில் இனியும் அணைகளும் பாதைகளும் சுரங்கங்களும் எழும். அவற்றுக்காக நாலா திசைகளிலிருந்தும் கம்பெனிகள் உறைகளோடு வரும். அந்த உறைகளைத் திறக்கும் மேசையில் அமரப்போகிறவர்களில் இன்று ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிக்கும் பிள்ளைகளும் இருக்கக்கூடும். அவர்கள் விலையை வாசித்துவிட்டு, அடுத்தபடியாக, கொழுந்து மடுவத்தில் தங்கள் பாட்டி கேட்ட கேள்விகளையும் மறவாமல் கேட்கட்டும்.